நாட்டின் உயிர்நாடிகளைக் காப்போர் யாவர்?

முற்காலத்திலே ஒரு நகரை முற்றுகையிட்ட பகைவன், முதலில் அந்நகருக்குச் செல்லும் நீரையும் நெல்லையும் தடுக்க முயன்றான். மதிலை இடிப்பதினும் குடிநீரை மறிப்பது எளிது என்பதை அவன் அறிந்திருந்தான். இக்காலத்து நகரங்களுக்கு மதில்கள் இல்லை. ஆயினும் அவற்றுக்கு நீரும் ஒளியும் உணவும் பொருளும் வந்து சேரும் வழிகள் முன்னையிலும் பன்மடங்கு பெருகியுள்ளன. அவ்வழிகளைத் திறப்பனவும் அடைப்பனவும் இன்று பெரும்பாலும் கணினிகளே. மின்னிலையத்தின் ஆளிகள், நீர் வழங்கு நிலையத்தின் பம்பிகள், வங்கியின் பேரேடுகள், வைத்தியசாலையின் நோயாளர் பதிவுகள், துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் ஆகிய யாவும் வலையமைப்புக்களாற் பிணைக்கப்பட்டு, எங்கோ ஓர் அறையில் அமர்ந்திருப்போரால் இயக்கப்படுகின்றன. உரியவன் செல்லும் வழியிலே திருடனும் செல்லக்கூடும். இவ்வுண்மையே நாம் ஈண்டு ஆராயப் புகும் பொருளுக்கு அடிப்படையாகும்.

எவ்வமைப்புக்கள் செயலிழந்தால் ஒரு நாட்டின் பாதுகாப்பும் பொருளாதாரமும் மக்கள் நலமும் தளர்ச்சியுறுமோ, அவ்வமைப்புக்களை அரசியலார் முக்கிய உட்கட்டமைப்பு என்பர். இக்கட்டுரையில் அவற்றை நாட்டின் உயிர்நாடிகள் எனவும் வழங்குவோம்.

இவ்வுயிர்நாடிகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை. 2025 பெப்ரவரி 9 ஆம் நாள் பாணந்துறை உபமின்னிலையத்திலே ஒரு குரங்கு மின்மாற்றியைத் தீண்டியதனால் இலங்கை முழுவதும் மின்னிழந்தமையை அன்பர்கள் மறந்திரார். மின் நின்றதும் நீர் வழங்கலும் பலவிடங்களில் தடைப்பட்டது. இதனைப் போன்றே 2003 ஆகஸ்ட் 14 ஆம் நாள் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்திலே, வெட்டப்படாது வளர்ந்திருந்த மரங்களில் மின்கம்பிகள் பட்டன. அவ்வேளையில் மின் நிறுவனமொன்றின் எச்சரிக்கை மென்பொருளும் பழுதுற்றிருந்தது. இரண்டும் ஒருங்கே நேர்ந்தமையால் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஏறக்குறைய 5 கோடி மக்கள் இருளில் மூழ்கினர்.

இவ்விரு நிகழ்ச்சிகளிலும் பகைவன் எவனும் இல்லை. பகைவன் புகுந்த நிகழ்ச்சியை 2015 டிசம்பர் 23 ஆம் நாள் உக்ரேன் நாடு கண்டது. அங்கே மூன்று மின் விநியோக நிறுவனங்களின் கணினிகளுட் பல மாதங்களுக்கு முன்னரே புகுந்திருந்த அயலார், அன்று தொலைவிலிருந்தவாறே மின்னாளிகளைத் திறந்துவிட்டனர். ஏறத்தாழ 225,000 வாடிக்கையாளர் குளிர்காலத்திலே சில மணி நேரம் மின்னிழந்தனர். ஊழியர் உபநிலையங்களுக்கு நேரே சென்று, ஆளிகளைக் கையால் இயக்கியே மின்னை மீட்டனர். விலங்கும் மரமும் தற்செயலாக விளைத்த கேட்டைப் பகைவன் கருதி விளைக்கலாம் என்பது அன்று ஐயமற விளங்கிற்று.

இத்தகைய கேடு நேருமிடத்துக் காக்கும் கடன் யாருடையது? உரிமையாளருடையதா, பொலிசாருடையதா, படையினருடையதா, துறைக்குரிய அமைச்சினுடையதா? அனைவருடையதும் எனக் கூறுதல் எளிது. ஆனால் அனைவருக்கும் பொதுவான கடன், நாள் வரும்போது ஒருவருக்கும் உரியதாகாமற் போவதை நாம் உலகியலிற் காண்கிறோம். பலரிடத்தே பிரிந்து கிடக்கும் கடனை ஒருங்கிணைத்தல் எங்ஙனம் என்பதற்கு ஐக்கிய அமெரிக்காவின் அனுபவம் நல்ல உரைகல்லாகும். அந்நாடு இத்துறையிலே நெடுங்காலம் முயன்றுள்ளது. தன் வெற்றிகளையும் தோல்விகளையும் பாராளுமன்ற விசாரணைகளிலும் கணக்காய்வு அறிக்கைகளிலும் வெளிப்படையாகப் பதிந்தும் வைத்துள்ளது. ஆதலின் முதலில் அதனை நோக்கி, பின்னர் எமது நாட்டை நோக்குவோம்.

பதினாறு துறைகளும் பல காவலரும்

அமெரிக்காவிலே எண்ணெய்க் குழாய்களும் மின்னிலையங்களும் வங்கிகளும் பெரும்பாலும் தனியாருடைமை. நீர் வழங்கலோ பெரும்பாலும் ஊராட்சிகளின் கையில் உள்ளது. சமூக நீர் வழங்கு நிலையங்கள் மட்டும் ஏறத்தாழ 50,000 உண்டு. இவற்றை ஒரே அலுவலகம் வாஷிங்டனிலிருந்து காத்தல் இயலாது. மின்னிலையத்தின் இயல்பு வேறு. வங்கியின் இயல்பு வேறு. ஆகவே ஒவ்வொரு துறையையும் நன்கறிந்த திணைக்களத்திடமே அத்துறையின் பொறுப்பை ஒப்படைத்தல் என்னும் முறை எழுந்தது. அந்நாட்டிலே திணைக்களம் எனப்படுவது எமது நாட்டின் அமைச்சுக்கு நிகரானது என்பதை வாசகர் மனங்கொள்க.

1998 மே மாதத்திலே சனாதிபதி கிளின்டன் விடுத்த பணிப்புரை இம்முறைக்கு வித்திட்டது. ஒவ்வொரு துறைக்கும் தலைமைத் திணைக்களம் ஒன்றைக் குறித்ததோடு, அத்துறையின் நிறுவனங்கள் தமக்குள்ளே ஆபத்துச் செய்திகளைப் பகிர்ந்துகொள்ளும் நிலையங்களை அமைக்குமாறும் அப்பணிப்புரை ஊக்கியது. வங்கித் துறையினர் 1999 இலே தமக்கென ஒரு நிலையத்தை நிறுவினர். 2001 செப்டெம்பர்த் தாக்குதல்களின் பின்னர் உள்நாட்டுப் பாதுகாப்புத் திணைக்களம் தோன்றி 2003 இலே பணி தொடங்கிற்று. 2013 இலே சனாதிபதி ஒபாமாவின் பணிப்புரையொன்று உயிர்நாடித் துறைகளைப் பதினாறாக வகுத்தது. 2024 ஏப்ரலிலே அதனை மாற்றீடு செய்த பணிப்புரையும் அப்பதினாறையே நிலைநிறுத்திற்று.

இம்முறையின்படி எரிசக்தித் துறைக்கு எரிசக்தித் திணைக்களமும், நிதித் துறைக்குத் திறைசேரியும், குடிநீர், கழிவுநீர்த் துறைக்குச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகமும், சுகாதாரத் துறைக்குச் சுகாதாரத் திணைக்களமும் பொறுப்பாயின. இவை யாவற்றுக்கும் நடுநாயகமாக 2018 நவம்பரிலே நாடாளுமன்றம் ஒரு தனி முகவரகத்தைச் சட்டத்தால் நிறுவியது. கணினிப் பாதுகாப்பையும் உட்கட்டமைப்புப் பாதுகாப்பையும் ஒருங்கே பேணும் அதனைச் சுருக்கமாகச் சிசா என்பர். தகவற்றொழினுட்பம், தொடர்பாடல், அணைக்கட்டுக்கள், இரசாயனம், அணுசக்தி முதலிய எட்டுத் துறைகளுக்கு அதுவே நேரிற் பொறுப்பாளி, ஏனையவற்றுக்கு இணைப்பாளர்.

சிசாவின் அதிகார எல்லையை ஈண்டு விளக்குதல் வேண்டும். மத்திய அரசின் குடிசார் அலுவலகங்களுக்கு அது கட்டளையிடலாம். பகைவர் ஏற்கெனவே பயன்படுத்திவரும் மென்பொருட் பழுதுகளை அது பட்டியலிட்டு வெளியிடும். அவற்றைக் குறித்த தவணைக்குட் சீர்செய்தல் அவ்வலுவலகங்களுக்குக் கட்டாயம். அதே பட்டியல் ஒரு தனியார் குழாய் நிறுவனத்துக்கோ சிற்றூர் நீர் நிலையத்துக்கோ ஆலோசனை மாத்திரமே. அவர்களிடத்தே சிசா எச்சரிக்கலாம், இலவசமாகப் பரிசோதித்துக் கொடுக்கலாம், ஆபத்துக் காலத்தில் உதவிக்குச் செல்லலாம். கதவைத் திறந்துவிடுதல் வீட்டாரின் விருப்பத்தைப் பொறுத்தது.

தீயணைப்போரும் பொலிசாரும்

ஒருவர் வீட்டிலே யாரோ தீ வைத்துவிட்டனர் எனக் கொள்வோம். தீயை அணைப்போர் ஒரு சாரார். தீ வைத்தவனைத் தேடிப் பிடிப்போர் வேறொரு சாரார். இத்தகைய தீ வேறு எவ்வீடுகளுக்கு வரக்கூடும் என ஒற்றறிந்து கூறுவோர் மூன்றாஞ் சாரார். இனிமேல் இவ்விதமாகவே வீடு கட்டவேண்டும் என விதி வகுப்போர் நான்காஞ் சாரார். இந்நால்வரின் பணிகளும் சில வேளைகளில் ஒன்றுக்கொன்று முரணுவதுமுண்டு. அணைப்போர் வீட்டைக் கழுவித் துப்புரவாக்க விரும்புவர். புலனாய்வோர் சாம்பலைக்கூடச் சான்றாகக் காக்க விரும்புவர். வீட்டாரோ, விதி வகுப்போர் வந்து தண்டம் விதிப்பரோ என அஞ்சி, புகையை மறைக்க முயலவுங் கூடும்.

கணினித் தாக்குதலிலும் இதுவே நிலை. 2016 யூலையில் வெளியான சனாதிபதிப் பணிப்புரையொன்று முதல் மூன்று பணிகளையும் தெளிவாகப் பிரித்தது. தாக்கியவனைத் தேடுதலும் அவனது செயலை முறித்தலும் நீதித் திணைக்களத்தின் பொறுப்பு. அப்பணியை நடத்துவது மத்திய புலனாய்வுப் பணியகம். தாக்குண்ட நிறுவனத்தின் கணினிகளை மீட்டெடுக்க உதவுதலும், அதே ஆபத்து ஏனையோருக்குப் பரவாது காத்தலும் உள்நாட்டுப் பாதுகாப்புத் திணைக்களத்தின் பொறுப்பு. இன்று அது சிசாவின் பணி. ஒற்றறிந்த செய்திகளைத் திரட்டி வழங்குதல் தேசிய உளவுத் தலைமையகத்தின் பொறுப்பு. பெருங்கேடு நேருமிடத்து மூவரும் துறைக்குரிய திணைக்களத்தோடு ஒரு குழுவாகக் கூடுதல் வேண்டும். பாதிக்கப்பட்டோர் எவ்வலுவலகத்தின் கதவைத் தட்டினாலும் செய்தி ஏனையோரைச் சென்றடைதல் வேண்டும் என்பதும் அதன் கருத்து.

விதி வகுக்கும் நான்காவது பணி மட்டும் துறைதோறும் வேறுபட்டுக் கிடந்தது. அவ்வேறுபாட்டின் விளைவை 2021 ஆம் ஆண்டு உலகம் கண்டது.

குழாய் நின்ற ஆறு நாட்கள்

ரெக்சாஸ் மாநிலத்தின் கூஸ்ரன் நகரிலிருந்து நியூயோர்க் துறைமுகப் பகுதி வரை ஏறக்குறைய 8,850 கிலோமீற்றர் நீளமுள்ள எண்ணெய்க் குழாய்த் தொகுதி ஒன்று உண்டு. கொலோனியல் என்னும் தனியார் நிறுவனத்துக்குரிய இத்தொகுதி, அமெரிக்கக் கிழக்குக் கரையில் எரிக்கப்படும் பெற்றோல், டீசல், விமான எரிபொருள் ஆகியவற்றுள் 45 சதவீதத்தைச் சுமந்து செல்கின்றது. 2021 மே 7 ஆம் நாள் அதிகாலையிலே அந்நிறுவனத்தின் கணினித் திரையொன்றிற் கப்பம் கோரும் அறிவித்தல் தோன்றியது. கோப்புக்களைத் திறக்கவொண்ணாதவாறு பூட்டிவிட்டு, பணம் தந்தாலன்றித் திறவுகோல் தரோம் என்னும் நச்சுநிரல் வகையைச் சேர்ந்தது அது. உருசியாவிலிருந்து தொழிற்படுவதாகக் கருதப்பட்ட டார்க்சைட் என்னும் கூட்டத்தினரின் வேலை அஃதென்பது பின்னர்த் தெரியவந்தது.

அவர்கள் புகுந்த வாயில் மிகச் சிறியது. ஊழியர் வெளியிலிருந்து வலையமைப்புக்குள் நுழைவதற்கான பழைய கணக்கொன்று வழக்கொழிந்த பின்னும் மூடப்படாதிருந்தது. அதற்குக் கடவுச்சொல் ஒன்றே காவல். கடவுச்சொல்லோடு கைத்தொலைபேசிக்கு வரும் இலக்கத்தையும் கேட்கும் இரட்டைக் காவல் அதற்கு இருக்கவில்லை. தாக்குண்டவை நிறுவனத்தின் வணிகக் கணினிகளே. குழாயை இயக்கும் கணினிகள் தீண்டப்பட்டதாகத் தெரியவில்லை. ஆயினும் நச்சுநிரல் எங்குவரை பரவியுள்ளது என அறியாத நிலையிலே, நிறுவனத்தார் குழாய் முழுவதையும் தாமே நிறுத்தினர். மறுநாள் 75 பிட்கொயின், அஃதாவது அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 44 இலட்சம் டொலர், கப்பமாகச் செலுத்தினர். மே 12 ஆம் நாள் மாலையிலேதான் எண்ணெய் மீண்டும் ஓடத் தொடங்கிற்று.

இவ்விடைக்காலத்தில் அரசின் அலுவலகங்கள் செய்தவற்றை நோக்கினால் ஒருங்கிணைப்பு என்னுஞ் சொல்லின் பரப்புப் புலனாகும். எரிசக்தித் திணைக்களம் அரசின் முயற்சிகளுக்குத் தலைமை தாங்கிற்று. போக்குவரத்துத் திணைக்களம் 17 மாநிலங்களிலும் தலைநகர்ப் பகுதியிலும் எரிபொருள் லொறிச் சாரதிகளின் வேலை நேர வரையறையைத் தளர்த்தியது. சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் சில மாநிலங்களில் எரிபொருட் தர விதிகளைத் தற்காலிகமாக விலக்கியது. மக்கள் அச்சத்தால் கண்ட கலங்களிலெல்லாம் பெற்றோலை நிரப்பத் தலைப்படவே, நுகர்பொருட் பாதுகாப்பு ஆணைக்குழு பிளாஸ்ரிக் பைகளிற் பெற்றோல் நிரப்பற்க என எச்சரிக்க நேர்ந்தது. கணினியில் விழுந்த அடியின் வலி பெற்றோல் நிலையத்தின் வரிசையிலே தெரிந்தது. அவ்வரிசையின் துன்பத்தை எமது நாட்டவருக்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை.

புலனாய்வுப் பணியகத்தின் பணியும் பயனளித்தது. நிறுவனத்தார் முதல் நாளிலேயே அப்பணியகத்துக்கு அறிவித்தமையால், கப்பப் பணம் சென்ற வழியைப் பின்தொடர்தல் இயன்றது. 75 பிட்கொயினில் 63.7 மீட்கப்பட்டதாக யூன் 7 ஆம் நாள் நீதித் திணைக்களம் அறிவித்தது.

ஆனால் ஒரு குறையும் வெளிப்பட்டது. மே 11 ஆம் நாள் செனற் சபைக் குழுவின்முன் சாட்சியமளித்த சிசாவின் பதிற்பணிப்பாளர் பிரண்டன் வேல்ஸ், அந்நிறுவனம் தம்மை நேரே அணுகவில்லை என்றும் புலனாய்வுப் பணியகமே தம்மை அழைத்தது என்றும் கூறினார். தாக்குதலின் நுட்ப விவரங்கள் அன்றுவரை சிசாவின் கைக்கு வந்திருக்கவில்லை. அவ்விவரங்கள் ஏன் வேண்டும் எனின், ஒரு வீட்டுக்கு வந்த திருடனின் அடையாளம் தெரிந்தாலே அடுத்த வீட்டாரை விழிப்பூட்டல் இயலும். விவரம் தாமதிக்கும் ஒவ்வொரு நாளும் அடுத்த வீடு காவலின்றிக் கிடக்கிறது.

கட்டளையா, நம்பிக்கையா?

இதனாலே, அறிவித்தலை உரிமையாளரின் விருப்பத்துக்கு விடலாமா, சட்டத்தாற் கட்டாயப்படுத்தலாமா என்னும் வினா எழுந்தது. இவ்வினாவுக்கு அமெரிக்கா துறைதோறும் வெவ்வேறு விடை கண்டிருந்தது.

மின்துறையிலே 2003 ஆம் ஆண்டின் பேரிருள் ஒரு படிப்பினையாயிற்று. 2005 இலே இயற்றப்பட்ட சட்டத்தின்படி மின் நிறுவனங்களின் நம்பகத்தன்மைக்குக் கட்டாய நியமங்கள் வகுக்கப்பட்டன. அவற்றுட் கணினிப் பாதுகாப்பு நியமங்களும் அடங்கும். அவற்றை மீறுவோருக்குத் தண்டமும் உண்டு.

எண்ணெய்க் குழாய்களின் நிலை வேறு. அவற்றின் பாதுகாப்பு, விமான நிலையங்களிற் பயணிகளைச் சோதிக்கும் போக்குவரத்துப் பாதுகாப்பு நிருவாகத்தின் கையில் இருந்தது. நெடுங்காலமாக அது விடுத்தவை விரும்பினாற் பின்பற்றத்தக்க வழிகாட்டிகள் மாத்திரமே. அந்நிருவாகத்திற் குழாய்ப் பாதுகாப்புக்கென இருந்த ஊழியர் தொகை 2014 இல் ஒருவராகக் குறைந்திருந்தது என 2018 டிசம்பரிலே அரசின் கணக்காய்வு அலுவலகம் எடுத்துக்காட்டியிருந்தது. கொலோனியல் நிகழ்ச்சியின் பின்னர், 2021 மே இறுதியிலே, முதன்முறையாகக் கட்டாயப் பணிப்பு வந்தது. முக்கிய குழாய் நிறுவனங்கள் தாக்குதலை 12 மணி நேரத்துக்குட் சிசாவுக்கு அறிவித்தல் வேண்டும் என அது அப்போது விதித்தது. எந்நேரமும் தொடர்புகொள்ளத்தக்க பொறுப்பாளர் ஒருவரை நியமித்தல் வேண்டும். அதன்பின் வந்த பணிப்பு அளவுக்கு மீறி நுணுக்கமானது எனத் துறையினர் முறையிட்டனர். 2022 யூலையிலே அது திருத்தப்பட்டு, அடையவேண்டிய பயனை அரசு கூறும், வழியை நிறுவனம் தெரியும் என்னும் வகையில் அமைந்தது. கட்டளையிடுவோருக்குத் தொழிலறிவு வேண்டும் என்பதற்கு இஃதொரு சான்று.

குடிநீரின் கதை இன்னும் இரங்கத்தக்கது. 2023 மார்ச்சிலே சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம், நீர் நிலையங்களைப் பரிசோதிக்கும்போது கணினிப் பாதுகாப்பையும் பரிசோதிக்குமாறு மாநிலங்களைப் பணித்தது. மிசூரி, ஆர்க்கன்சோ, அயோவா ஆகிய மூன்று மாநிலங்கள் நீதிமன்றம் சென்றன. நீர் வழங்குவோர் சங்கங்களும் அவற்றோடு சேர்ந்தன. முகவரகத்துக்குச் சட்டம் அத்தகைய அதிகாரம் தரவில்லை என்பதும், சிறிய ஊர்களாற் செலவைத் தாங்கவொண்ணாது என்பதும் அவர்தம் வாதம். யூலையிலே நீதிமன்றம் அப்பணிப்பை நிறுத்திவைத்தது; அக்டோபரிலே முகவரகம் அதனை மீளப்பெற்றது. நவம்பர் 25 ஆம் நாள் பென்சில்வேனியா மாநிலத்தின் அலிக்விப்பா என்னும் சிறு நகரின் நீரேற்று நிலையமொன்றிலே கட்டுப்பாட்டுக் கருவி அயலாராற் கைப்பற்றப்பட்டது. ஈரானியப் படைப் பிரிவொன்றோடு தொடர்புடையோரின் செயல் அஃதென அமெரிக்க முகவரகங்கள் அறிவித்தன. இசுரேலில் ஆக்கப்பட்டமையால் அக்கருவி இலக்காயிற்று. தொழிற்சாலையிலிருந்து வந்த மாற்றப்படாத கடவுச்சொற்களே இத்தகைய கருவிகளுக்குள் நுழையும் வாயிலாயின. ஊழியர் உடனே கையால் இயக்கும் முறைக்கு மாறியமையாற் குடிநீருக்குத் தீங்கு நேரவில்லை. டிசம்பர் 1 ஆம் நாள் சிசா, புலனாய்வுப் பணியகம், தேசிய பாதுகாப்பு முகவரகம், சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் ஆகியவை இசுரேலியக் கணினிப் பாதுகாப்பு அலுவலகத்தோடு சேர்ந்து, அக்கருவியுடையோர் அனைவருக்கும் எச்சரிக்கை விடுத்தன. விதி தோற்ற இடத்திலே எச்சரிக்கையேனும் விரைந்து சென்றது.

2022 மார்ச்சிலே நாடாளுமன்றம் துறைகள் அனைத்துக்கும் பொதுவான சட்டமொன்றை இயற்றியது. உயிர்நாடித் துறை நிறுவனங்கள் பெருந்தாக்குதலை 72 மணி நேரத்துக்குள்ளும், கப்பம் செலுத்தியதை 24 மணி நேரத்துக்குள்ளும் சிசாவுக்கு அறிவிக்கவேண்டும் என்பது அதன் சாரம். அங்ஙனம் அறிவித்த செய்தியை, அறிவித்தவரையே தண்டிக்கும் ஆயுதமாக்காதிருத்தற்கும் அச்சட்டம் காப்பு வழங்கிற்று. விதிகளின் வரைவு 2024 ஏப்ரலிலே வெளிவந்தது. அவற்றை முடிவாக்கும் பணி சட்டங் குறித்த தவணையைக் கடந்து நீண்டது.

கட்டளையும் நம்பிக்கையும் ஒன்றுக்கு மற்றொன்று ஈடாகா என்பதே இவற்றால் நாம் உணர்வது. கட்டளையின்றேல் அசிரத்தையுடையோர் அறிவியார். நம்பிக்கையின்றேல் அறிவிப்போரும் சட்டத்துக்கு வேண்டியவளவே கூறி, உதவக்கூடிய விவரத்தை மறைப்பர்.

கட்டியது கலைதலும் உண்டு

ஒருங்கிணைப்பு என்பது ஒருமுறை கட்டி முடிக்கும் மாளிகையன்று. நாள்தோறும் நீர் பாய்ச்சவேண்டிய பயிர். 2025 ஆம் ஆண்டு இதற்குச் சான்று பகரும். அவ்வாண்டிலே சிசா தன் ஊழியருள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினரை இழந்தது. தனியார் நிறுவனத்தாரும் அரச அலுவலரும் வெளிப்படையாக உரையாடுவதற்குச் சட்டக் காப்பளித்த ஆலோசனைச் சபையொன்று மார்ச்சிலே கலைக்கப்பட்டது. ஆபத்துச் செய்திகளைப் பகிர்வோரை வழக்குகளிலிருந்து காத்த 2015 ஆம் ஆண்டுச் சட்டம் செப்டெம்பர் 30 ஆம் நாள் காலாவதியாயிற்று. நவம்பரிலே அது தற்காலிகமாகவே நீடிக்கப்பட்டது. செலவைக் குறைத்தல் அரசுக்கு உரிய கடனே என வாதிப்போரும் உளர். ஆயினும் ஆபத்து வேளையில் இன்னாரை அழைக்கலாம் என அறிந்திருந்த மனிதர் விலகிச் செல்லும்போது, அவரோடு பல்லாண்டுப் பழக்கமும் விலகிச் செல்கின்றது. அப்பழக்கத்தை வரவுசெலவுத் திட்டத்தால் ஒரே ஆண்டில் மீட்டுவிட முடியாது.

எமது நாட்டின் நிலை

இனி இலங்கையை நோக்குவோம். எமது நாட்டிலே 2006 ஆம் ஆண்டு கணினி அவசர தயார்நிலை அணி நிறுவப்பட்டது. இலங்கை சேர்ட் என வழங்கும் அதுவே கணினித் தாக்குதல்களைப் பற்றிய முறைப்பாடுகளை ஏற்று உதவும் தேசிய நிலையம். 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் குற்றவாளிகளைத் தண்டித்தற்கு வழிசெய்தது. 2014 இலே வங்கித் துறைக்கெனத் தனி அணியொன்று தோன்றிற்று. 2015 இலே கணினிக் குற்றம் பற்றிய புடாபெஸ்ட் உடன்படிக்கையில் இலங்கை இணைந்தது. தென்னாசியாவில் அங்ஙனம் இணைந்த முதல் நாடு எமதே. தீயணைப்போரையும் பொலிசாரையும் நாம் ஓரளவு பெற்றுள்ளோம் எனலாம்.

நான்காம் பணியாகிய விதி வகுத்தலே பின்தங்கிற்று. உயிர்நாடியான தகவல் அமைப்புக்கள் இவையெனப் பெயர்குறித்து, அவற்றின் உரிமையாளருக்குக் கடமைகளை விதித்து, மேற்பார்வைக்கு ஒரு தேசிய முகவரகத்தையும் அமைக்கும் சட்டத்தின் வரைவு 2019 இலே வெளியிடப்பட்டது. ஐந்து ஆண்டுகள் கழிந்த பின்னும் அவ்வரைவு சட்டமாகவில்லை.

இவ்விடைவெளியின் விலையை 2023 ஆகஸ்டிலே அறிந்தோம். அம்மாதம் 26 ஆம் நாள் அரசாங்க மின்னஞ்சல் அமைப்பைக் கப்பம் கோரும் நச்சுநிரல் தாக்கிற்று. ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. அமைச்சரவை அலுவலகத்தின் முகவரிகளும் அவற்றுள் அடங்கும். மே 17 முதல் அன்றுவரை வந்த மடல்களுக்கு வேறிடத்தில் வைத்த படி இல்லாமையால், மூன்று மாதங்களுக்கு மேற்பட்ட மடல்கள் மீளாவண்ணம் அழிந்தன. அமைப்பை இயக்கியது காலங்கடந்த மென்பொருட் பதிப்பு. அதனைப் புதுப்பிக்கும் பணி நிதிக் குறைவு முதலிய காரணங்களாற் பிற்போடப்பட்டிருந்தது. கொலோனியலின் மூடப்படாத கணக்கு, அலிக்விப்பாவின் மாற்றப்படாத கடவுச்சொல், எமது புதுப்பிக்கப்படாத மென்பொருள் ஆகிய மூன்றையும் அருகருகே வைத்துப் பார்க்க. மூன்றும் எவரோ ஒருவர் செய்திருக்கவேண்டிய சிறு வேலைகள். அதனைச் செய்வித்தற்கு உரியவர் இன்னார் எனத் தெளிவாகக் குறிக்கப்படாமையே மூன்றிடத்தும் பொதுவாகக் காணும் நோய்.

எமது போன்ற சிறிய நாட்டுக்குப் பதினாறு திணைக்களங்களின் பெருஞ்சபை வேண்டுவதில்லை. மின்சாரம், நீர், வங்கி, தொலைத்தொடர்பு, வைத்தியசாலை, துறைமுகம் என எண்ணத்தக்க சில நிறுவனங்களே எம்மிடமுள்ளன. அவற்றின் பொறுப்பாளர் யாவரையும் ஒரே மண்டபத்தில் அமர்த்திவிடலாம். இச்சிறுமை எமக்கு வாய்த்த வசதி. ஆபத்து வருமுன் அவர்கள் ஒருவரையொருவர் அறிந்திருத்தலும், முதல் மணி நேரத்தில் யார் யாரை அழைப்பது என எழுதி வைத்தலும், கணினி நின்றாற் கையால் எங்ஙனம் இயக்குவது என ஆண்டுக்கொருமுறையேனும் பழகிப் பார்த்தலும் பெருஞ்செலவின்றிச் செய்யத்தக்கவை. வெள்ளம் வருமுன் அணை கோலுவது என்னும் முதுமொழியின் பொருள் இதுவே.

இம்மலரைப் படிக்கும் பழைய மாணவருட் பலர் வங்கிகளிலும் வைத்தியசாலைகளிலும் மின், நீர் வழங்கல் அலுவலகங்களிலும் பொறுப்பான பதவிகளில் உள்ளனர். இன்று வகுப்பறைகளில் இருக்கும் மாணவர் நாளை அவர்தம் இடங்களுக்குச் செல்வர். அவர்களுட் சிலரே கணினி வல்லுநராவர். ஆயினும் தாக்குதலின் முதல் அடையாளத்தைக் காண்பவர் பெரும்பாலும் வல்லுநரல்லர். காலையில் முதலில் வந்து திரையை நோக்கும் ஓர் எழுதுவினைஞரோ, இரவுக் கடமையில் இருக்கும் ஓர் இயக்குநரோதான். அவர் கண்டதை மறையாது உடனே கூறுவரா என்பது, அவ்வாறு கூறியவருக்கு முன்பு அவ்வலுவலகத்திலே வசை கிடைத்ததா, நன்றி கிடைத்ததா என்பதைப் பொறுத்தது. மேலதிகாரிகளாக விளங்கும் எமது பழைய மாணவர் தத்தம் அலுவலகங்களில் இந்த ஒன்றை இன்றே சீர்செய்வாராயின், வரவேண்டிய சட்டம் வருமுன்னரே அதன் பயனில் ஒரு பாதியை நாட்டுக்கு ஈந்தவராவர்.